மதுரை வெயிலில் எந்த ஈஸ்ட்? வீட்டு பன், பிரெட்டுக்குக் கடையில் கிடைக்கும் வகைகள் ஓர் அலசல்

ஈஸ்ட் பற்றிய சமையல் குறிப்புகளில் பாதி குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. வெதுவெதுப்பான தண்ணீர், கதகதப்பான மூலை, மாவின் மேல் ஈரத்துணி, ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு என்றுதான் அவை போகும். சித்திரை மாதம் மதுரையில் அப்படியே செய்தால் முக்கால் மணி நேரத்தில் மாவு பாத்திரத்தை விட்டு வெளியே வந்துவிடும். சுட்டெடுத்த பிரெட்டில் கள் வாடை அடிக்கும், நடு உச்சி குழி விழும். பழி ஈஸ்ட்மேல் போகும். நம் ஊரில் ஈஸ்டுக்குச் சூடு போதாமல் போவது அபூர்வம். அதை அடக்கி வேலை வாங்குவதுதான் பாடு. கடையில் எதை எடுப்பது என்பதை இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

மதுரையில் கைக்குக் கிடைப்பவை நாலு வகை: பேக்கரிக்காரர்கள் வாங்கும் ஈர ஈஸ்ட், சிறு டப்பாவில் வரும் ஆக்டிவ் டிரை ஈஸ்ட், அரை கிலோ பொட்டலமாக வரும் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், அதிலேயே இனிப்பு மாவுக்கென்று தனியாக வரும் தங்க நிறப் பொட்டலம். நாலும் ஒரே இனம்தான், சாக்கரோமைசிஸ் செரிவிசியே. பீர் காய்ச்சுகிறவர்கள் பயன்படுத்தும் ஏல் ஈஸ்டும் இதே இனம். அந்தக் கதைக்குக் கடைசியில் வருவோம்.

ஈர ஈஸ்டை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் வீட்டுக்கு அது வேண்டாம். சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். எடையில் ஏறக்குறைய எழுபது சதவீதம் தண்ணீர். 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். கரண்ட் போன ஃபிரிட்ஜில் அரை நாள் கிடந்தால் ஓரம் பழுப்பேறும், பிறகு கொழகொழக்கும். நல்ல கட்டி உடைக்கும்போது பட்டென்று உடைந்து பொடியும், பிசுக்கென்று கையில் ஒட்டாது. மணம் லேசாகப் பழ வாசனை மாதிரி இருக்கும். தினம் ஐம்பது கிலோ மைதா பிசைகிற பேக்கரிக்கு இதுதான் மலிவு, வேகமும் கூட. வாரத்துக்கு ஒரு பிரெட் போடுகிற வீட்டில் முக்கால் கட்டி குப்பைக்குத்தான் போகும். தெரிந்த பேக்கரியில் 20 கிராம் கிள்ளித் தந்தால் அன்றே பயன்படுத்தலாம், அவ்வளவுதான்.

ஆக்டிவ் டிரை ஈஸ்ட் கடுகு மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும். மளிகைக் கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் முதலில் கண்ணில் படுவது இந்தச் சிறு டப்பாதான். காய வைக்கும்போது வெளிப்பக்கத்துச் செல்கள் செத்து, உள்ளே உயிரோடு இருப்பவற்றின் மேல் ஓடு மாதிரி படிந்திருக்கும். அதனால்தான் இதை முதலில் 38 முதல் 42 டிகிரி தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைக்கச் சொல்கிறார்கள். கை வைத்தால் குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு இருக்க வேண்டும். மதுரையில் மே மாத மத்தியானம் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருவதே ஏறக்குறைய அந்தச் சூடு, அடுப்பே தேவைப்படாது. ஆனால் பலர் அடுப்பில் வைத்து ஆவி பறக்க எடுத்து ஊற்றிவிடுகிறார்கள். 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் சாகத் தொடங்கும், 60-இல் கதை முடிந்தது. ஐஸ் தண்ணீரில் போட்டாலும் கெடுதல்தான். செத்த செல்லிலிருந்து குளுட்டாதையோன் என்ற பொருள் கசிந்து மாவின் இழுவையை அறுக்கும். மாவு பிசுபிசுவென்று தளர்ந்து அச்சுக்குள் பரந்து படுத்துக்கொள்வது பல நேரம் இதனால்தான், தண்ணீர் கூடியதால் அல்ல.

இந்த வகையிடம் எனக்கு வேறொரு மனத்தாங்கலும் உண்டு. சிறு டப்பா மெதுவாக விற்கும். ஏசி இல்லாத கடை அலமாரியில் இரண்டு கோடை கடந்த டப்பாவும் விற்பனைக்கு நிற்கும். காலாவதித் தேதி இன்னும் தாண்டாமல் இருக்கலாம், ஆனால் அந்தத் தேதி குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்திருப்பதாக நினைத்துப் போட்டது. 40 டிகிரி அலமாரிக்கு அது பொருந்தாது. கிராம் கணக்கில் பார்த்தால் விலையும் அரை கிலோ பொட்டலத்தைவிடப் பல மடங்கு வரும். சும்மா ஒருமுறை செய்து பார்க்கிறவர்களுக்கு மட்டும் இது சரி. அதுவும் தயாரித்து ஆறு மாதத்துக்குள் இருக்கிற டப்பாவாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

வாங்க வேண்டியது இன்ஸ்டன்ட் ஈஸ்ட். சேமியாவைப் பொடித்த மாதிரி மெல்லிய குச்சித் துகள்களாக இருக்கும், ஈரம் ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான். மென்மையாகக் காய வைப்பதால் உயிருள்ள செல்கள் அதிகம். ஊற வைக்காமல் நேராக மாவிலேயே கலக்கலாம். பிரான்ஸின் லெசாஃப்ர் நிறுவனம் 1970-களில் கொண்டுவந்த சாஃப்-இன்ஸ்டன்ட் இந்த வகையில் உலகம் முழுக்க அறிந்த பெயர். சீனாவின் ஏஞ்சல் ஈஸ்டும் இந்தியாவில் பரவலாகக் கிடைக்கிறது. இந்த இரண்டு பெயரில் எது உசத்தி என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது பொட்டலத்தின் நிறமும், அது கடையில் எப்படி இருந்தது என்பதும்.

நிறத்துக்கு வருவோம். சாஃப்பில் சிவப்பு சாதா மாவுக்கு, தங்க நிறம் இனிப்பு மாவுக்கு. ஏஞ்சலில் குறைந்த சர்க்கரை, அதிக சர்க்கரை என்று உறையிலேயே எழுதியிருப்பார்கள். எல்லைக்கோடு மைதா எடையில் சுமார் 10 சதவீதச் சர்க்கரை. சர்க்கரை கூடினால் அது தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஊறுகாயில் உப்பு மாங்காயைச் சுருக்குகிற அதே வேலைதான். ஈஸ்ட் வாடிப்போய் மந்தமாகிவிடும். தங்க நிற வகை அந்த இறுக்கத்தைத் தாங்கும்படி தேர்ந்தெடுத்த ஈஸ்ட். டீக்கடை கண்ணாடி அலமாரியில் இருக்கும் தேங்காய் பன், பட்டர் பன் மாதிரி வேண்டுமென்றால் சர்க்கரை 15 சதவீதமாவது வேண்டும். சிவப்பைப் போட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து, உப்பவில்லையே என்று இன்னும் ஒரு ஸ்பூன் ஈஸ்ட் சேர்த்து, கடைசியில் ஈஸ்ட் நாற்றத்தோடு பன் சாப்பிடுகிற வீடுகள் நிறைய. அதற்காகத் தங்க நிறத்தையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளலாம். சர்க்கரையே இல்லாத மாவில் கொஞ்சம் சோம்பலாக இருக்கும். மதுரைச் சூட்டில் அந்தச் சோம்பல் ஒன்றும் நஷ்டமில்லை. ஒரே பொட்டலம்தான் வாங்க முடியும், வீட்டில் பிள்ளைகள் பன் கேட்பார்கள் என்றால் தங்க நிறத்தையே எடுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை. அரை கிலோ பொட்டலம் காற்றை உறிஞ்சி அடைத்தது, செங்கல் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். அழுத்தினால் மெத்தென்று அமுங்கினால் எங்கோ ஓட்டை, உள்ளே காற்றும் ஈரமும் போயிருக்கும், வேண்டாம். பெரிய பொட்டலத்தைப் பிரித்து 50, 100 கிராமாக பாலித்தீன் கவரில் கட்டி ஸ்டேப்ளர் அடித்து விற்பதும் நடக்கிறது. அதில் தேதி இருக்காது, பெயர் இருக்காது, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்காது. எப்போது பிரித்தார்கள் என்பது அவர்களுக்கே நினைவிருக்காது. கீழமாசி வீதிப் பக்கம் மளிகை மொத்தக் கடைகளில் கேட்டாலும் சரி, பேக்கரிப் பொருள் கடைக்குப் போனாலும் சரி, ஈஸ்ட் வேகமாக விற்கிற கடையா என்று பாருங்கள். பேக்கரிக்காரர்கள் வாங்குகிற கடையில் சரக்கு தேங்காது. ஆன்லைனில் வாங்குவதானால் கார்த்திகை முதல் தை வரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பங்குனியில் வண்டிக்குள் இரண்டு நாள் வேகும் பொட்டலத்துக்கு யார் உத்தரவாதம் தருவது?

அரை கிலோ என்பது வீட்டுக்குப் பெரிய அளவுதான். ஒரு பிரெட்டுக்கு 3.5 கிராம் போட்டால் 140 பிரெட்டுக்கு வரும். மூன்று நாலு வீடுகள் சேர்ந்து பங்கு போடுவது புத்திசாலித்தனம். பிரித்ததும் காய்ந்த, இறுக்கமாக மூடும் சிறு சிறு கண்ணாடி பாட்டிலில் நிரப்பி ஃபிரீசரில் வைக்க வேண்டும். ஒரு பாட்டில் மட்டும் கீழே ஃபிரிட்ஜில் இருக்கட்டும். எடுத்த பாட்டிலை மேடையில் திறந்து வைத்துவிட்டு மைதா சலிக்கப் போகக் கூடாது. குளிர்ந்த துகளில் வெளிக்காற்றின் ஈரம் படிந்து கட்டி தட்டும், அந்த ஈரமே உள்ளே இருக்கிறதைக் கெடுக்கும். காய்ந்த ஸ்பூனால் எடுத்து உடனே மூடி உள்ளே வைக்க வேண்டும்.

ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கணக்கு: ஈர ஈஸ்ட் 10 கிராம் என்றால் ஆக்டிவ் டிரை 4 முதல் 5 கிராம், இன்ஸ்டன்ட் மூன்றரை கிராம். தலை தட்டிய ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் சுமார் 3 கிராம். ஆனால் ஸ்பூனை நம்பாதீர்கள். ஆளுக்கு ஆள் ஸ்பூன் மாறும். பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசுதான் இந்த வேலையில் ஈஸ்டுக்கு அடுத்து காசு போட வேண்டிய பொருள்.

வாங்கியதும் சோதித்துப் பார்க்க எல்லோரும் சொல்வது சர்க்கரைத் தண்ணீரில் நுரை வருகிறதா என்பது. உயிர் இருக்கிறதா என்று மட்டும் அது சொல்லும், தெம்பு எவ்வளவு என்று சொல்லாது. அதைவிட நல்ல வழி: மைதா 50 கிராம், தண்ணீர் 30 கிராம், ஈஸ்ட் அரை கிராம். உப்பு, சர்க்கரை எதுவும் வேண்டாம். பிசைந்து நேர்ச்சுவர் உள்ள டம்ளரில் அழுத்தி, மாவின் மட்டத்தில் ரப்பர் பேண்ட் மாட்டிவிட வேண்டும். 30 டிகிரி அறையில் ஒரு மணியிலிருந்து ஒன்றேகால் மணிக்குள் இரு மடங்கு ஆனால் முதல் தரம். ஒன்றரை மணி ஆனால், அளவைக் கால் பங்கு கூட்டிப் போட்டுச் சீக்கிரம் தீர்த்துவிடலாம். இரண்டு மணிக்கு மேலும் படுத்தே கிடந்தால் குப்பைத் தொட்டிதான்.

இனி வெயில். மாவு பிசைந்து முடிக்கும்போது அதன் சூடு 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். 30-ஐத் தாண்டினால் ஈஸ்ட் தறிகெட்டு ஓடும். மைதா சுவை கூடுவதற்குள் மாவு உப்பி முடிந்துவிடும், கூடவே புளிப்புக் கிருமிகளும் கை ஓங்கும். இதற்கு பேக்கரிக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது. வேண்டிய சூட்டை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து மைதாவின் சூடு, அறையின் சூடு, பிசைவதால் ஏறும் சூடு மூன்றையும் கழித்தால் தண்ணீர் இருக்க வேண்டிய சூடு வரும். வேண்டியது 26 என்றால் 78. மைதா 34, அறை 35, கையால் பிசைய 3, மொத்தம் 72. ஆக, தண்ணீர் 6 டிகிரியில் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் 32 டிகிரி, தேவை 290 கிராம் என்றால், 223 கிராம் தண்ணீரில் 67 கிராம் ஐஸ் போட்டு முழுக்கக் கரைய விட்டால் சரியாக அந்த இடத்துக்கு வரும். மிக்சர் இயந்திரத்தில் பிசைந்தால் ஏறும் சூடு 12 டிகிரிக்குக் கூடப் போகும். கணக்குப் போட்டால் தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று வரும்! அப்போது மைதாவையே முதல் நாள் ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மைதா 10 டிகிரிக்கு வந்துவிட்டால் தண்ணீர் 21 டிகிரி போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இன்ஸ்டன்ட் ஈஸ்டை ஐஸ் தண்ணீரில் நேராகக் கொட்டினால் ஆக்டிவ் டிரைக்குச் சொன்ன அதே கெடுதல் இதற்கும் வரும். ஈஸ்டை மைதாவோடு முதலில் நன்றாகக் கலந்துவிட வேண்டும், அல்லது தண்ணீர் சேர்த்து இரண்டு நிமிடம் பிசைந்து மாவு ஒன்று சேர்ந்த பிறகு மேலே தூவ வேண்டும். வெயில் காலத்துக்கு இரண்டாவது வழிதான் நல்லது, ஈஸ்டின் ஓட்டமும் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கும்.

அளவு. சாதா பிரெட்டுக்கு மைதா 500 கிராம், தண்ணீர் 290, உப்பு 9, சர்க்கரை 15, எண்ணெய் 15. சிவப்பு இன்ஸ்டன்ட் பங்குனி முதல் ஆடி வரை 3.5 கிராம், மார்கழியில் 5 கிராம். பன்னுக்கு மைதா 500, சர்க்கரை 75, வெண்ணெய் 40, உப்பு 8, பால் 270, தங்க நிற ஈஸ்ட் 6 கிராம். காய்ச்சி ஆறவைத்த பாலாக இருக்கட்டும். உப்பைக் குறைக்க வேண்டாம். ஈஸ்டை அடக்கி வைக்கிற வேலையும் அதனுடையது, உப்பில்லாத மாவு வெயிலில் வெறி பிடித்துப் பொங்கும். ஆனால் ஈஸ்டையும் உப்பையும் ஒரே இடத்தில் குவித்து ஈரம் பட விடக் கூடாது. பட்டைப்பொடி போட்டு பன் செய்ய ஆசைப்பட்டால் அதை மாவில் பிசையாமல் உள்ளே தடவிச் சுருட்டுங்கள், பட்டை ஈஸ்டை மந்தப்படுத்தும்.

உப்பியது போதுமா என்பதைக் கடிகாரம் சொல்லாது. மாவில் விரலால் அரை அங்குலம் குத்திப் பாருங்கள். குழி சட்டென்று மூடினால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாகப் பாதி மேலே வந்தால் ஓவனுக்குப் போகலாம். அப்படியே நின்றுவிட்டால் கடந்துவிட்டது. அச்சில் போடும் முன்னால் இப்படிக் கடந்துபோனது தெரிந்தால் பிசைந்து காற்றை வெளியேற்றி மறுபடி உருட்டலாம், ஒருமுறை தாங்கும். அச்சில் ஏறிய பிறகு கடந்தால் ஓவனில் அமுங்கும். மேல்தோல் சிவக்காமல் வெளிறி நிற்பதும் இதே கோளாறுதான். சிவக்கத் தேவையான சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்திருக்கும்.

ராத்திரி பிசைந்து காலையில் சுடுகிறவர்களுக்கு ஈஸ்ட் 2 கிராம் போதும். ஆனால் 800 கிராம் மாவு உருண்டையின் நடுப்பகுதி ஃபிரிட்ஜில் குளிர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். உருண்டையாக வைக்காமல் தட்டையாகப் பரப்பி மூடி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஈஸ்டைக் குறை சொல்ல முடியாது. உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் மாவை முரடாக்கும், உப்ப நேரமாகும். ஒரேயடியாக ஆர்.ஓ. தண்ணீர் மாவைக் கொஞ்சம் பிசுபிசுப்பாக்கும். இரண்டையும் பாதிப் பாதி கலந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சுட்ட மறுநாளே பிரெட் உள்ளே நூல் இழுத்து, அழுகின அன்னாசி வாசம் வந்தால் அது கயிறு நோய் என்று சொல்லப்படும் பேசில்லஸ் கிருமியின் வேலை. கோடையில்தான் வரும். அதைத் தின்னாமல் தூக்கிப் போட்டு, பாத்திரங்களை வினிகரில் கழுவி, அடுத்த மாவில் 500 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் வினிகர் விடலாம்.

பீர் ஈஸ்ட் விஷயம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் 11 கிராம் உறையை பிரெட்டுக்குப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஏல் ஈஸ்டைப் பொறுக்கி எடுப்பது 18 முதல் 22 டிகிரியில் நிதானமாக வேலை செய்து, நல்ல மணம் தந்து, முடிந்ததும் அடியில் படிய வேண்டும் என்பதற்காக. குளிரில் காய்ச்சும் இன்னொரு பீர் வகையான லாகரின் ஈஸ்டுக்கு 10 முதல் 14 டிகிரிதான் வழக்கம். மாவை வேகமாக ஊத வைப்பது அவற்றின் தகுதிப் பட்டியலிலேயே இல்லை. பன் உப்பும், ஆனால் இரண்டு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும், காசும் பல மடங்கு. பிரெட் ஈஸ்டால் பீர் காய்ச்சினாலும் அதே மாதிரிதான், படியாமல் கலங்கி நிற்கும், ரொட்டி வாசம் தூக்கலாக இருக்கும். அதுவும் தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி கிடையாது என்பதால் அந்த ஆராய்ச்சிக்கு இங்கே வேலையில்லை.

ஆப்பத்துக்கு இன்ஸ்டன்ட் ஈஸ்ட் நன்றாகவே பொருந்தும். கள் ஊற்றிப் புளிக்க வைத்த காலத்து மணம் வராது, ஓரத்து வலைப்பின்னல் வரும். 400 கிராம் அரிசி அரைத்த மாவுக்கு கால் டீஸ்பூன் போதும், கோடையில் மூன்று நாலு மணி நேரம். அதற்கு மேல் விட்டால் தேங்காய்ப்பால் ஊற்றினாலும் புளிப்பு போகாது. பன் பரோட்டாவுக்கு எந்த ஈஸ்ட் என்றும் சிலர் கேட்பதுண்டு. அதில் ஈஸ்டே கிடையாது. பன் மாதிரி குண்டாக இருப்பதால் வந்த பெயர், எண்ணெயும் மாவு ஊறும் நேரமும்தான் அந்த மெதுமெதுப்பைத் தருகின்றன.

மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்கு: தங்க நிற இன்ஸ்டன்ட் 9, சிவப்பு இன்ஸ்டன்ட் 8.5, ஆக்டிவ் டிரை டப்பா 5, ஈர ஈஸ்ட் வீட்டுக்கு 3, அதே பேக்கரிக்கு 9. பிரித்துக் கட்டிய பாலித்தீன் கவர் எந்தப் பெயரில் வந்தாலும் பூஜ்ஜியம்.